கனிக்குப் பத்துப் பேர்

புஸ்தகத்த மூட வேண்டாமுங்க, நீங்க பாட்டுக்குப் படிங்க. நான் தொந்தரவு பண்ண மாட்டேன். பஸ்ஸுல யாராச்சும் புஸ்தகம் படிச்சா எட்டிப் பாக்காம இருக்க முடியறதில்ல, அவ்வளவுதான். பொள்ளாச்சி வரைக்குங்களா? கிணத்துக்கடவா. சரிங்க, பரவால்ல, இன்னும் நேரம் இருக்குது.

என்ற பொண்ணும் இப்படித்தானுங்க, பஸ்ஸுல ஏறுனா புஸ்தகம்தான். தல வலிக்கும் கண்ணு, மூடி வைன்னா கேக்க மாட்டா. பன்னெண்டு வயசு. கனிஷ்கான்னு பேரு. நாங்க கனின்னு கூப்பிடுவோம். நாங்கன்னா, இப்ப நான்தான். என்ற சம்சாரம் சுகந்தி தவறிப்போயி மூணு வருசமாச்சுங்க. கேன்சர். கோயமுத்தூர்லதான் வெச்சுப் பாத்தோம்.

நான் பொள்ளாச்சிக்குச் சித்த வெளிய, புதுசா சைட் போட்ட எடத்துல இருக்கறேன். ரெண்டு மூணு தென்னநார் மில்லுக்கு வீட்டுல இருந்தே கணக்குப் பாத்துத் தர்றேன். அதனால பொண்ணுக்குப் பாடம் சொல்லித்தர எனக்கு நேரமிருந்துச்சுங்க. ஆமாங்க, வீட்டுலயேதான். ஹோம்ஸ்கூல்னு சொல்றாங்க பாருங்க, அதேதான். பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்திட்டேன்.

ஏன்னு கேப்பீங்க. எல்லாரும் கேட்டாங்க. சுகந்தி போனப்ப அவ நாலாவது படிச்சுட்டிருந்தா. பள்ளிக்கூடத்துல அழுவான்னு எனக்குத் தெரியும். மத்தியானமாச்சுன்னா மனசு கேக்காது, வண்டிய எடுத்துட்டுப் போயிருவேன். வாசல் கேட்டுக்கிட்ட நின்னு அவளக் கூப்பிடச் சொல்லுவேன். என்னப் பாத்ததும் அழுவாளுங்க. கூட்டிட்டு வந்துருவேன். ஒரு நாள் அந்த டீச்சரு சொல்லுது, "சார், நீங்க வராத அன்னிக்கு அவ நல்லாத்தான் இருக்கறா, புள்ளைங்களோட வெளையாடறா. கொஞ்ச நாளைக்கு வராம இருந்து பாருங்க"ன்னு. எப்படி இருக்குது பாருங்க. பெத்தவன் வந்து பாக்கறது அவங்களுக்கு எடஞ்சலாப் போச்சு. தாயில்லாத புள்ள மனசு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புரியாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

வீட்டுல எல்லாம் ஒழுங்கா நடத்துனேனுங்க. ஹால்ல ஒரு போர்டு மாட்டுனேன். காலையில ஒம்பது மணிக்குப் பெல் அடிப்பேன். பூஜை மணிதான், ஆனா ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா. அட்டெண்டன்ஸ் எடுப்பேன். கனிஷ்கான்னு கூப்பிட்டா, உள்ளேன் ஐயான்னு சொல்லுவா. ஒரே ஒரு புள்ளைக்கு எதுக்குன்னு நீங்க சிரிக்கறீங்க. அவளும் மொதல்ல சிரிச்சா, அப்புறம் பழகிருச்சு. மத்தியானம் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். சாயந்தரம் கணக்கு. ராத்திரி நான் நியூஸ் பாக்கறப்போ அவ படிப்பா. ஒரு நாளும் ஒருத்தருக்கொருத்தர் அலுக்காம அப்படி இருந்தோமுங்க. வேற யாரும் வேணும்னே தோணல. அவளுக்கும் தோணிருக்காது.

எங்கள மாதிரி வீட்டுல சொல்லிக் குடுக்கறவங்களுக்குக் கோயமுத்தூர்ல ஒரு குழு இருக்குதுங்க. வாட்ஸாப்புல பேசிக்குவாங்க. அத்தன பேரும் அம்மாமாரு, நான் ஒருத்தன்தான் ஆம்பள. காலை வணக்கம்னு போட்டா யாரும் பதில் போட மாட்டாங்க. ஷைலஜா மேடம்னு ஒருத்தங்க அத நடத்தறாங்க. அவங்க போன ஏப்ரல் மாசம் ஒரு போட்டி வெச்சாங்க. போட்டின்னு சொல்லக் கூடாதாம், சவாலாம். ஒரு மாசம் புள்ளைங்க புஸ்தகம் படிக்கோணும். படிக்கற ஒவ்வொரு புஸ்தகத்துக்கும் இவ்வளவு ரூவா தர்றோம்னு தெரிஞ்சவங்க யாராச்சும் ஏத்துக்கோணும். வசூலாகறத வெச்சு வால்பாறையில எஸ்டேட் புள்ளைங்களுக்கு ஒரு படிக்கற ரூம்பு கட்டித் தர்றதுன்னு ஏற்பாடு. நல்ல காரியமுங்க.

கனிய நான் உடனே சேத்துட்டேன். அவ படிக்கற வேகத்துக்கு அவளுக்கு ஈடா நிக்க ஆளில்லீங்க. விஞ்ஞானிங்க வரலாறு, விடுதலைப் போராட்டம், எல்லாம் எடுத்து மேசை மேல அடுக்கி வெச்சேன். அவ அந்தப் பேப்பரப் படிச்சுப் பாத்துட்டு, "அப்பா, வீட்டுல இருக்கறவங்க ஏத்துக்கக் கூடாதாம். வெளியாளுங்க பத்துப் பேராச்சும் வேணுமாம்"ன்னா.

"பத்துப் பேருதானே கண்ணு, எழுது"ன்னேன்.

பேனாவ எடுத்துட்டு உக்காந்தா. நானும் யோசிக்கறேன். என்ற தம்பி கூட நெலத்துப் பிரச்சனையில பேச்சுவார்த்தை இல்ல. மில்லுக்காரங்ககிட்டப் போயி இதெல்லாம் கேட்டா நல்லா இருக்காது. பக்கத்து வீட்டுக்காரங்க பேரு எனக்குத் தெரியாது, மதுரைப் பக்கத்துக்காரங்கன்னு மட்டுந்தெரியும். சுகந்தியோட அக்கா மணிமேகலை கோயமுத்தூர்ல இருக்கறாங்க. அவங்களோட நான் பேசறதில்ல. ஏன்னா, எழவு வீட்டுலயே, பதினாறு முடியறதுக்குள்ள, "தம்பி, புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன், நீங்க தனியா எப்படிப் பாப்பீங்க"ன்னு கேட்டவங்க. என்னக் கையாலாகாதவன்னு சொல்ற மாதிரித்தானே அது. அதோட விட்டாச்சு.

அவ பேனாவ வெச்சுட்டே உக்காந்திருந்தா. கொஞ்ச நேரங்கழிச்சு, "நான் போயி கேட்டுட்டு வரட்டுங்களாப்பா"ன்னா.

"எங்க?"

"வெளிய."

தெருவுலதானே, போகட்டும்னு விட்டேன். வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தேன். மொதல் வீட்டுல கதவத் தட்டறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னாளுங்க. கையத் தூக்கறா, எறக்கறா. எனக்கே போயித் தட்டிரலாமான்னு இருந்துச்சு. அப்புறம் தட்டுனா. உள்ள போயிட்டா. வர்றதுக்கு அத்தன நேரம், நான் வாசல விட்டு நகரல. வந்தப்ப கையில ரெண்டு முறுக்கு. "அப்பா, அவங்க பேரு ஜெயக்கொடி அத்தை. அவங்க வீட்டுல ஒரு கிளி இருக்குது"ன்னா. அந்த வீட்டுக்குப் பக்கத்துல நாலு வருசமா இருக்கறோம். கிளி இருக்கறது எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

அதுக்கப்புறம் தெனமும் போக ஆரம்பிச்சுட்டா. எங்க தெருக்கோடியில ஒரு மாவு மில்லு இருக்குதுங்க. ருக்குமணின்னு ஒரு அம்மா நடத்துது. ராகி, கம்பு, மொளகா, எல்லாம் அரைக்கறதுக்குப் பொம்பளைங்க டப்பாவோட வந்து உக்காந்திருப்பாங்க. இவ அங்க போயி ஏத்துக்கறீங்களான்னு கேட்டிருக்கறா. அந்தம்மா, "நீ படிக்கறேன்னு எங்களுக்கு எப்படித் தெரியும் சாமி, இங்க உக்காந்து படி, நாங்களும் கேப்போம்"னு சொல்லிருக்குது. அவ்வளவுதான். சாயந்தரமாச்சுன்னா கெளம்பிருவா. மில்லு ஓடறப்போ சத்தத்துல ஒண்ணும் கேக்காது, மோட்டார நிறுத்துனதும் படிப்பாளாம். கரண்டு போனா அவங்களுக்குக் கொண்டாட்டமாம்.

எனக்கு என்ன வருத்தம்னா, நான் எடுத்து வெச்ச புஸ்தகம் ஒண்ணையும் அவ தொடலீங்க. படிச்சதெல்லாம் ஒரே புஸ்தகம். பாலத்துக்கு அடியில குடியிருக்கற ஒரு ஆமை கதை. சின்னப் புள்ளைங்க படிக்கறது. அவ ஆறு வயசா இருக்கறப்போ சுகந்தி வாங்கிக் குடுத்தது. ஒரே புஸ்தகத்த எத்தன தடவ படிச்சாலும் ஒண்ணாத்தான் எடுத்துக்குவாங்கன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். "புதுசா யாராச்சும் வர்றாங்கப்பா, அவங்க மொதல்ல இருந்து கேக்கறாங்க"ன்னா. குழுவுல மத்த புள்ளைங்க எல்லாம் முப்பது, நாப்பதுன்னு போட்டுட்டே இருக்கறாங்க. எனக்கு மானம் போகுது.

சாயந்தரக் கணக்கு நின்னு போச்சு. அந்த நேரத்துக்கு வீடு எப்படி இருக்கும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாதுங்க. டிவியப் போட்டேன். அது பேசறது எனக்குப் புடிக்கல, அமத்திட்டேன். பெரிய வீடு எதுக்குக் கட்டுனோம்னு தோணுச்சு.

ஒரு நாள் இருட்டற நேரமாச்சு, வரல. தேடிட்டுப் போனேன். மில்லுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடியே சிரிப்புச் சத்தம். கனி சிரிக்கறா. அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்லீங்க, அதாவது ரொம்ப நாளாக் கேட்டதில்ல. வெளியிலயே நின்னுட்டேன். மாவு மூட்டைக்கு மேல உக்காந்துட்டு, ஆமை மாதிரிக் கரகரன்னு கொரலு வெச்சுப் படிக்கறா. ஒரு பொம்பள, "யாரு சாமி உனக்கு இந்தக் கொரலு சொல்லிக் குடுத்தது"ன்னு கேட்டுச்சு.

"எங்கம்மா"ன்னா. "எங்கம்மா இன்னும் நல்லாப் பண்ணுவாங்க. ஆஸ்பத்திரியில இருக்கறப்போ கூடப் பண்ணுனாங்க. அப்ப நெசமாவே கொரலு அப்படி ஆயிருச்சு. அதனால எனக்கு சிரிக்கறதா அழுகறதான்னு தெரியல"ன்னு சொல்றா.

அந்த மொளகா நெடியில எனக்குக் கண்ணு எரிஞ்சு போச்சுங்க.

நான் யோசிச்சது என்னன்னா, இத ஏன் என்கிட்டச் சொல்லல? சுகந்தி பேச்ச எடுக்காதேன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்லீங்க. அவ போட்டோவக்கூட பீரோவுக்குள்ள எடுத்து வெச்சது கனிக்காகத்தான். பாத்துப் பாத்து ஏங்கிருவான்னு. எங்க வீட்டுல அந்தப் பேச்சே வராம அவ்வளவு பத்திரமாப் பாத்துட்டு வந்தேன். இவ போயி மாவு அரைக்க வந்தவங்ககிட்டச் சொல்றா.

பத்தாவது ஆளா யாரப் புடிச்சாத் தெரியுங்களா? பெரியம்மாவ. மணிமேகலைய. அவங்க நம்பரு எங்கயும் எழுதி வெக்கலீங்க, மனசுலயே வெச்சிருந்திருக்கா. அவங்கம்மா தெனமும் போட்டுப் பேசுன நம்பரு. மில்லுக்காரம்மா போன வாங்கிப் பேசிருக்கா. எனக்குத் தெரிஞ்சப்ப எல்லாம் முடிஞ்சுருச்சு. "புஸ்தகத்துக்குத்தானேப்பா கேட்டேன்"ன்னா.  ஒரு நாள் முழுக்க நான் அவளோட பேசல.

மே மாசக் கடைசியில கோயமுத்தூர்ல ஒரு ஹால்ல விழா வெச்சாங்க. நான் மொத வரிசையில ரெண்டு சீட்டுப் புடிச்சு வெச்சேன், எனக்கும் அவளுக்கும். திரும்பிப் பாத்தா, மாவு மில்லு ருக்குமணியம்மா, ஜெயக்கொடியம்மா, இன்னும் நாலஞ்சு பொம்பளைங்க, கஞ்சி போட்ட சேலையக் கட்டிட்டுப் பஸ் ஏறி வந்திருக்கறாங்க. மில்ல அன்னிக்குப் பூட்டிட்டாங்களாம். அவங்களுக்கு நடுவுல மணிமேகலை. சுகந்திய உரிச்சு வெச்ச மாதிரி இருப்பாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. கனி அவங்களோட போயி உக்காந்துட்டா. பக்கத்து சீட்டுல என்ற பைய வெச்சுக்கிட்டேன்.

பரிசெல்லாம் வேற புள்ளைங்களுக்குப் போயிருச்சு. இவதான் எல்லாரையும் விடக் கம்மியாப் படிச்சிருந்தா. ஆனா ஆளு நெறையப் புடிச்சது இவதான்னு ஷைலஜா மேடம் மேடையில கூப்பிட்டாங்க. "இந்தச் சவால்ல உனக்கு என்னம்மா ரொம்பப் புடிச்சது"ன்னு மைக்க நீட்டுனாங்க.

கனி மைக்க ரெண்டு கையிலயும் வாங்கிக்கிட்டா. அப்புறம், "வீட்ட விட்டு வெளிய போறதுக்கு ஒரு காரணம் கெடச்சதுங்க மேடம்"ன்னா.

எல்லாரும் கைதட்டுனாங்க. நானும் தட்டுனேன். புஸ்தகம்ங்கறது வெளி உலகத்துக்குப் போற வழின்னு சொல்றா, இந்த வயசுல எவ்வளவு ஆழமாப் பேசறா பாருன்னு நெனச்சேன். பக்கத்துல இருந்த ஒரு அம்மா என்ன ஒரு மாதிரிப் பாத்துச்சு. பொறாமைதான்.

வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் கழிச்சு, தோசை சாப்பிட்டுட்டிருக்கறப்போ கேட்டா. "அப்பா, நான் பெரியம்மா வீட்டுல இருந்து பள்ளிக்கூடம் போகட்டுங்களா? சனி ஞாயிறு வந்துர்றேன்."

"யாரு சொல்லிக் குடுத்தது? உங்க பெரியம்மாவா?"

"இல்லீங்கப்பா. அவங்களுக்கே தெரியாது. நான்தான் கேக்கறேன்."

"இங்க உனக்கு என்ன கொறை கண்ணு?"

"ஒரு கொறையுமில்லீங்கப்பா"ன்னா. அப்புறம் தட்டப் பாத்துட்டே, "ஆனா நான் போயிட்டா நீங்க யாருக்குப் பெல் அடிப்பீங்க? அதான் இத்தன நாளாக் கேக்கல"ன்னு சொன்னாளுங்க.

பாருங்க, புள்ளைங்க என்னென்ன நெனச்சுக்குதுன்னு. என்னமோ எனக்காக அவ வீட்டுல இருந்த மாதிரி. அவளுக்காகத்தான் நான் எல்லாத்தையும் விட்டுட்டு உக்காந்திருக்கறேன், அது தலைகீழாப் புரிஞ்சிருக்குது அதுக்கு. முடியாதுன்னு சொல்லிட்டேன். எந்திரிச்சு கை கழுவிட்டேன்.

அவ அடம் புடிக்கலீங்க. அழுதிருந்தா நான் ஏதாச்சும் சொல்லிச் சமாதானம் பண்ணிருப்பேன். காலையில பெல் அடிச்சேன், வந்து உக்காந்தா. உள்ளேன் ஐயான்னா. கணக்குப் போட்டா, வரலாறு படிச்சா. சாயந்தரம் மில்லுக்குப் போகல. நான் எடுத்து வெச்ச புஸ்தகம் ஒண்ணொண்ணா எடுத்துப் படிச்சா. எனக்கு என்ன வேணும்னு ஆசப்பட்டனோ அது அத்தனையும் நடந்துச்சுங்க.

ஒரு நாள் சாப்பிடறப்போ நான் ஏதோ தமாசாச் சொன்னேன். என்ன சொன்னேன்னே ஞாபகமில்ல. அவ நிமுந்து பாத்துச் சிரிச்சா. சத்தமெல்லாம் இல்ல, வாயத் தொறந்து, என்னப் பாத்துக்கிட்டே, எனக்குப் போதுமான அளவுக்குச் சிரிச்சா.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியுங்க. கடைசி மாசத்துல நான் டிபன் கேரியரோட ஆஸ்பத்திரி ரூம்புக்குள்ள போவேன். சுகந்தியால தலையத் தூக்க முடியாது. நான் வழியில நடந்தத ஏதாச்சும் கத மாதிரிச் சொல்லுவேன். அவ சிரிப்பா. நான் நல்லா இருக்கறேன், நீங்க பயந்துக்காதீங்கன்னு சொல்றதுக்குன்னே ஒரு சிரிப்பு. அப்ப அது எனக்குத் தெரியல. அவ நல்லாயிட்டு வர்றான்னு நெனச்சு வெளிய வந்து டீ குடிப்பேன்.

கனி மொகத்துல அதப் பாத்ததும் என்னால உக்கார முடியல. பாத்ரூம்புக்குப் போயி கொழாயத் தொறந்து விட்டுட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன். வெளிய வந்து மணிமேகலைக்குப் போன் போட்டேன். மூணு வருசங்கழிச்சு. "தம்பி"ன்னாங்க. மிச்சமெல்லாம் நான்தான் பேசுனேன். "ஒரு வருசம் வேணா அங்க இருந்து படிக்கட்டும்"னு சொன்னேன். பள்ளிக்கூடத்துல எதுவும் ஒழுங்காச் சொல்லித்தர மாட்டாங்க, அவளுக்கே சலிச்சுப் போயித் திரும்பி வந்துருவாங்கறதுதான் என்ற கணக்கு. இப்பவும் அதேதானுங்க. பாப்போம்.

ஜூன்ல சேத்தியாச்சு. வெள்ளிக்கெழம சாயந்தரம் வருவா, ஞாயித்துக்கெழம நான் கொண்டு போயி விட்டுட்டு வருவேன். சனிக்கெழம காலையில நான் பெல் அடிக்கறதில்ல. அவ தூங்கட்டும்னு.

இன்னிக்குப் புதன்கெழமதானுங்க. அவளுக்கு நான் வந்தது தெரியாது. காலையில மில்லுக் கணக்க முடிச்சேன், மத்தியானம் சோறு வெக்கத் தோணல. பஸ் ஏறிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புல ஒரு பேக்கரி இருக்குது, அங்க உக்காந்து ஒரு டீ சொன்னேன். சும்மா ஒரு பார்வ பாத்துட்டு, ஒரு பன்னு வாங்கிக் குடுத்துட்டு வரலாம்னு.

விட்டதும் கூட்டமா வந்துதுங்க புள்ளைங்க. எல்லாம் ஒரே துணியா, கண்டே புடிக்க முடியல. அப்புறம் தெரிஞ்சுது. ரெண்டு புள்ளைங்களுக்கு நடுவுல வந்தா. ரெட்டச் சடை. அந்தச் சடை பெரியம்மா போட்டு விட்டது, எனக்கு ஒத்தச் சடைதான் வரும். கைய ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிட்டு வர்றா. அந்த ரெண்டும் சிரிக்குதுங்க. ஒண்ணு சிரிச்சு சிரிச்சு பையக் கீழ போட்டுருச்சு.

கூப்பிடலாம்னு எந்திரிச்சேன். கனின்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. அப்பப் பாத்து அவ இந்தப் பக்கம் திரும்புனா. எனக்கு என்ன தோணுச்சுன்னு தெரியலீங்க, அப்படியே மேசைக்குக் கீழ குனிஞ்சுட்டேன். என்னப் பாத்தா ஓடி வருவா. ஏம்ப்பா வந்தீங்க, சாப்பிட்டீங்களான்னு கேப்பா. மூஞ்சியப் பாத்தாலே கண்டுபுடிச்சுருவா. அப்புறம் அந்தச் சிரிப்பச் சிரிச்சுட்டு, நான் இப்பவே உங்களோட வந்துர்றேம்ப்பான்னு சொல்லிப்புடுவா.

பேக்கரிக்காரரு வந்து, "என்னங்க தேடறீங்க"ன்னாரு.

"சில்லறை விழுந்துருச்சுங்க"ன்னேன்.

நல்ல மனுசன். அவரும் பக்கத்துல குத்த வெச்சு உக்காந்து, மேசைக்கு அடியில கைய விட்டுத் தொழாவ ஆரம்பிச்சுட்டாரு. இல்லாத காச ரெண்டு பேரும் ரொம்ப நேரம் தேடுனோமுங்க. புள்ளைங்க பேச்சுச் சத்தம் கிட்ட வந்துச்சு, அப்புறம் தூரமாப் போச்சு. நான் எந்திரிச்சுப் பாத்தப்போ ரோட்டுல யாருமில்ல.